ஐஎச்எஃப் டிஎன்ஏவை எவ்வளவு வளைக்கிறது? ஜெல்லில் அளந்து பார்க்க ஒரு வழிகாட்டி

ஈ. கோலை பாக்டீரியாவின் குரோமோசோமை அறுத்து நீட்டினால் ஏறக்குறைய 1.6 மில்லிமீட்டர் வரும். எம்ஜி1655 வகையில் அது 46 லட்சத்து 41 ஆயிரத்துச் சொச்சம் கார இணைகள் கொண்ட ஒரே வளையம். அது குடியிருக்கும் செல்லின் நீளம் 2 மைக்ரோமீட்டர்தான். உட்கரு உறை இல்லை. நம் செல்களில் இருப்பதுபோல ஹிஸ்டோன் உருளைகளும் இல்லை. கைரேஸ் நொதி டிஎன்ஏவை முறுக்கி மீச்சுருளாக்குகிறது. முக்பிஇஎஃப் என்ற பெரிய கூட்டுப்புரதம் நீண்ட கண்ணிகளை இழுத்துப் பிடிக்கிறது. இவற்றுக்கு நடுவே 10 முதல் 20 கிலோடால்டன் எடையுள்ள சிறு புரதங்கள் ஒரு கூட்டம், டிஎன்ஏவை ஆயிரக்கணக்கான இடங்களில் வளைத்தும், பாலம் போட்டும், இழையாக மூடியும் வைத்திருக்கின்றன. எச்யூ, ஐஎச்எஃப், ஃபிஸ், எச்-என்எஸ், டிபிஎஸ் ஆகியவை அவற்றில் முக்கியமானவை.

இந்த வழிகாட்டி அந்தக் கூட்டத்தில் ஐஎச்எஃப் என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அது டிஎன்ஏவை வளைக்கிறதா, எங்கே வளைக்கிறது, சுமாராக எத்தனை பாகை வளைக்கிறது என்று ஒரு பாலிஅக்ரிலமைடு ஜெல்லில் கண்டறிவதைச் சொல்கிறது. பிசிஆர் செய்யவும் ஜெல் ஊற்றவும் தெரிந்த முதுகலை மாணவருக்கு இது போதும். ரேடியோ ஐசோடோப்பு தேவையில்லை.

ஏன் ஐஎச்எஃப்பில் தொடங்க வேண்டும்

பலரும் எச்யூவில் தொடங்குகிறார்கள். செல்லில் அது ஏராளம், பெயரும் பிரபலம். ஆனால் கைபழகாதவருக்கு எச்யூ நல்ல ஆசிரியர் அல்ல. சாதாரண நேரான டிஎன்ஏவில் அது எந்தத் தொடரையும் தேடிப் போவதில்லை. கிடைத்த இடத்தில் உட்கார்ந்து எழும். ஜெல்லில் தெளிவான ஒற்றை பேண்ட் கிடைப்பது அரிது. ஐஎச்எஃப் அதன் நெருங்கிய உறவினர். மடிப்பும் வடிவமும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் குறிப்பிட்ட தொடரைத் தேடிப் பிடிக்கும், இறுக்கமாகப் பிடிக்கும், பலமாக வளைக்கும். 1996-இல் ரைஸ், யாங், மிசூச்சி, நாஷ் ஆகியோர் வெளியிட்ட படிக அமைப்பில், 35 கார இணை நீளமுள்ள டிஎன்ஏ 160 பாகைக்கும் மேல் மடங்கி, போன வழியே திரும்பி வருவது தெரிகிறது.

டிஎன்ஏ அப்படி எளிதில் மடங்கும் பொருள் அல்ல. 50 நானோமீட்டர், அதாவது சுமார் 150 கார இணை, நீளத்துக்குள் அது கிட்டத்தட்ட விறைத்த கம்பிதான். 35 இணைக்குள் அதை யூ-வடிவில் திருப்ப ஐஎச்எஃப் செய்வது இரண்டு காரியம். அதன் இரு கைகளும் டிஎன்ஏவின் சிறு பள்ளத்துக்குள் போய், ஆல்ஃபா துணையலகின் 65-ஆம் புரோலினையும் பீட்டாவின் 64-ஆம் புரோலினையும் கார இணைகளுக்கு இடையே ஆப்புபோலச் செருகுகின்றன. இந்த இரண்டு ஒடிவுகளுக்கும் இடைவெளி 9 கார இணை. அடுத்து, புரதத்தின் பக்கவாட்டில் இருக்கும் நேர்மின்னேற்றங்கள் டிஎன்ஏவின் இரு முனைகளையும் தம்மீது இழுத்துப் படியவைக்கின்றன. இந்த இரண்டாவது காரியம் உப்பைச் சார்ந்தது என்பதை நினைவில் வையுங்கள். பிறகு வரும் பாதிக் கோளாறுகளுக்குக் காரணம் அதுவே.

ஜெல் எதைக் காட்டுகிறது

புரதம் ஒட்டினால் டிஎன்ஏ மெதுவாக ஓடும் என்பது ஜெல் ஷிஃப்ட் செய்த எல்லோருக்கும் தெரியும். எடை கூடியதால்தான் என்று நினைப்பது பாதி மட்டுமே சரி. 200 கார இணைத் துண்டின் எடை 130 கிலோடால்டன். ஐஎச்எஃப் 22 கிலோடால்டன்தான். ஆனாலும் பேண்ட் பாதி வழிக்கும் மேலே நின்றுவிடும். காரணம் வடிவம். ஜெல்லின் துளைகளுக்குள் டிஎன்ஏ தலை முன்னே வால் பின்னே என நெளிந்து போகிறது. நடுவில் மடிந்த துண்டின் இரு முனைகளும் நெருங்கி, அகலம் கூடி, அது துளையில் சிக்குகிறது. அதே மடிப்பு ஒரு முனையில் இருந்தால் மீதி நீளம் நேராகவே இருக்கிறது; வேகம் அதிகம் குறைவதில்லை.

1984-இல் வூவும் குரோதர்ஸும் இந்த வேறுபாட்டைக் கொண்டே வளைவு இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். ஒரே நீளமுள்ள பல துண்டுகள், ஒவ்வொன்றிலும் புரதம் பிடிக்கும் தளம் வெவ்வேறு இடத்தில்: சுழல்மாற்று முறை என்பது இவ்வளவுதான். எடை எல்லாத் துண்டுகளுக்கும் சமம், நீளம் சமம், புரதம் சமம். அதனால் ஓட்டத்தில் தெரியும் வேறுபாடு முழுவதும் வடிவத்தின் கணக்கில் சேரும்.

துண்டுகளைத் திட்டமிடுதல்

லாம்டா வைரஸின் அட்-பி (attP) பகுதியில் உள்ள எச்-பிரைம் தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐஎச்எஃப் முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே லாம்டா தன்னை பாக்டீரியா குரோமோசோமில் ஒட்டிக்கொள்ளும் வினையில்தான். படிக அமைப்பும் இந்தத் தளத்தில் எடுக்கப்பட்டதே. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய தகவல் எல்லாம் கைவசம் இருக்கிறது.

ஐஎச்எஃப் தேடும் தொடர் 13 எழுத்து: முதலில் ஏ அல்லது டி, அடுத்து ஏ-டி-சி-ஏ-ஏ, பிறகு எதுவாகவும் இருக்கக்கூடிய நான்கு எழுத்து, பிறகு டி-டி, கடைசியில் ஏ அல்லது ஜி. எச்-பிரைமில் அது டி-ஏ-டி-சி-ஏ-ஏ-டி-டி-டி-ஜி-டி-டி-ஜி என்று வருகிறது. இதற்கு எட்டு எழுத்து முன்னால் ஆறு ஏ வரிசையாக நிற்கின்றன. புரதத்தின் மற்றொரு பக்கம் அங்கே படிகிறது. புதியவர்கள் தவறும் இடம் இது. 13 எழுத்துத் தொடரின் நடுவை வளைவின் மையம் என்று எடுத்துக்கொண்டால் ஏழு கார இணை பிசகும். வளைவின் மையம் 35 இணைத் தளத்தின் நடுவில், தொடரின் தொடக்கத்தை ஒட்டி இருக்கிறது. எண் போடும்போது 35 இணைத் தளத்தின் நடு எழுத்தையே மையமாக வையுங்கள்.

350 கார இணை நீளமுள்ள ஒரு வார்ப்பை, தளத்தின் மையம் 175-ஆம் இடத்தில் விழும்படி, செயற்கையாகச் செய்து ஏதேனும் ஒரு பிளாஸ்மிடில் வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து 200 இணை நீளத்தில் ஐந்து துண்டு பிசிஆர் மூலம் எடுக்க வேண்டும்:

முதல் துண்டு 1 முதல் 200 வரை. தளத்தின் மையம் துண்டுக்குள் 175-இல்.
இரண்டாவது 36 முதல் 235 வரை, மையம் 140-இல்.
மூன்றாவது 76 முதல் 275 வரை. மையம் சரியாக 100-இல்.
நான்காவது 116 முதல் 315 வரை, மையம் 60-இல்.
ஐந்தாவது 151 முதல் 350 வரை; மையம் 25-இல்.

மையத்தை முனையிலிருந்து 25-க்கும் குறைவாகத் தள்ளாதீர்கள். ஐஎச்எஃப்புக்கு மையத்தின் இரு பக்கமும் 17 இணை வேண்டும். டிஎன்ஏ முனையில் சில இணைகள் பிரிந்து பிரிந்து சேரும். அந்த இடத்தில் புரதத்தின் பிடி தளரும், பேண்ட் கலங்கும்.

பிபெண்ட்2 போன்ற பிளாஸ்மிடுகளும் உண்டு. தளத்தின் இரு பக்கமும் ஒரே வெட்டு நொதிகளின் வரிசை இரண்டு முறை வரும். எந்த நொதியால் வெட்டினாலும் துண்டின் நீளம் ஒன்றே. 1989-இலிருந்து பயனில் இருக்கும் நல்ல கருவி அது. ஆனால் முனையில் ஒளிரும் நிறமி வேண்டுமென்றால் பிசிஆரே வசதி. பிரைமரிலேயே நிறமியைப் போட்டு வாங்கிவிடலாம். ஐந்து முன்னோக்கிய பிரைமரிலும் சை5 போடச் செலவு அதிகம் என்றால், நிறமியே இல்லாமல் ஓட்டிவிட்டு சைபர் கோல்டால் சாயமேற்றுங்கள். வளைவை அளக்க அது தாராளம்.

தளத்தைச் சுற்றியுள்ள தொடரை வடிவமைக்கும்போது இரண்டு சோதனை செய்யுங்கள். ஐஎச்எஃப் தொடரை ஒத்த இன்னொரு இடம் இருக்கக் கூடாது. இரண்டு எழுத்து மாறியிருந்தாலும் நீக்கிவிடுங்கள். ஐந்தாறு ஏ சேர்ந்த கொத்துகள் 10 அல்லது 11 இணை இடைவெளியில் திரும்பத் திரும்ப வரக் கூடாது. அப்படி வந்தால் புரதம் இல்லாமலே டிஎன்ஏ வளைந்திருக்கும்.

பிசிஆர் முடிந்ததும் ஐந்தையும் பக்கத்துப் பக்கத்து லேனில், புரதம் இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். எல்லாம் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்குள் ஏற்ற இறக்கம் இருந்தால் பரவாயில்லை. தளத்துக்குள் இருக்கும் அந்த ஆறு ஏ-க்களால் சிறு வளைவு வரக்கூடும். அதற்கு மேல் இருந்தால் பிரைமர் இடம் தவறியிருக்கிறது என்று பொருள். தொடரை மறுபடி பாருங்கள். அளவு கணக்கிட: 200 இணைத் துண்டு ஒரு மைக்ரோலிட்டரில் 10 நானோகிராம் இருந்தால் அது 77 நானோமோலார்.

கட்டுப்பாட்டுக்கு ஆறாவது துண்டு ஒன்று வேண்டும். மூன்றாவது துண்டைப் போலவே, ஆனால் ஏ-டி-சி-ஏ-ஏ இருந்த இடத்தில் ஜி-சி-ஏ-சி-ஜி வைத்தது. இது இல்லாமல் எடுத்த படத்தை யாரிடமும் காட்டாதீர்கள்.

புரதம்: எண்ணிக்கையில்தான் ஏமாற்றம்

ஐஎச்எஃப் இரு வேறு துணையலகுகள் சேர்ந்தது: ஆல்ஃபா 99 அமினோ அமிலம், பீட்டா 94. இரண்டையும் ஒரே செல்லில், முடிந்தால் ஒரே பிளாஸ்மிடில், சேர்த்தே உற்பத்தி செய்யுங்கள். தனித்தனியே செய்து பிறகு கலக்கலாம் என்று போனால் ஆல்ஃபா நிலைக்காமல் வீழ்படிவில் போய் உட்காரும்.

செல்லை உடைக்கும் பஃபரில் உப்பு 500 மில்லிமோலாருக்குக் குறையக் கூடாது. குறைந்தால் புரதம் செல்லின் சொந்த டிஎன்ஏவோடு ஒட்டிக்கொண்டு வீழ்படிவோடு போய்விடும், அல்லது அந்த டிஎன்ஏவையும் இழுத்துக்கொண்டு வரும். டிஎன்ஏவை நீக்கியபின் உப்பை 100 அளவுக்குக் குறைத்து, ஹெப்பாரின் பத்தியில் ஏற்றி, பொட்டாசியம் குளோரைடை 1 மோலார் வரை படிப்படியாகக் கூட்டி இறக்குங்கள். ஹெப்பாரினும் நிறைய எதிர்மின்னேற்றம் கொண்டது, ஆதலால் இந்தப் புரதங்கள் அதில் இறுகப் பிடிக்கும். எஸ்டிஎஸ் ஜெல்லில் 11 கிலோடால்டன் அருகே, ஒட்டினாற்போல் இரண்டு பேண்ட் சம அடர்த்தியில் தெரிய வேண்டும். 12 சதவீத ஜெல்லில் இவை சாயத்தோடு ஓடி வெளியே போய்விடும். டிரைசின் ஜெல் ஊற்றுங்கள். ஹிஸ்டிடின் வால் போட்டிருந்தால் வெட்டி நீக்கிவிடுவது நல்லது.

இனி செறிவு. நானோடிராப்பில் 280 நானோமீட்டர் ஒளி உறிஞ்சலைப் பார்த்து எண்ணை எழுதிவிடுவது வழக்கம். அந்த ஒளியைப் பெரும்பாலும் உறிஞ்சுபவை டிரிப்டோஃபானும் டைரோசினும்தான். இந்தப் புரதத்தில் அது ஆபத்து. ஐஎச்எஃப்பில் டிரிப்டோஃபான் ஒன்றுகூட இல்லை. இரு துணையலகிலும் சேர்த்து நான்கு டைரோசின்தான். ஒரு மில்லிலிட்டரில் 1 மில்லிகிராம் இருந்தாலும் 280-இல் 0.27 அளவே காட்டும். துளி டிஎன்ஏ கூட வந்திருந்தால் போதும், அந்த எண் இரட்டிப்பாகிவிடும். எச்யூ இன்னும் மோசம்: ஈ. கோலையின் எச்யூவில் டிரிப்டோஃபானும் இல்லை, டைரோசினும் இல்லை. 280-இல் நீங்கள் பார்ப்பதெல்லாம் அழுக்குதான். பிசிஏ என்ற நிறச் சோதனை முறையில் அளங்கள். கூடவே 260-க்கும் 280-க்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள். 1-ஐத் தாண்டினால் டிஎன்ஏ ஒட்டியிருக்கிறது, மறுபடி ஹெப்பாரினுக்குப் போக வேண்டும்.

மொத்தப் புரதம் தெரிந்தால் போதாது. வேலை செய்யும் புரதம் எவ்வளவு என்று தெரிய வேண்டும். மூன்றாவது துண்டை 100 நானோமோலார் எடுங்கள். இது பிணைப்பு மாறிலியைவிடப் பல மடங்கு அதிகம், ஆகவே சேர்க்கும் புரதம் கிட்டத்தட்ட முழுவதும் டிஎன்ஏவில் ஒட்டும். புரதத்தை 25, 50, 75, 100, 150, 200, 300 நானோமோலார் என்று ஏற்றுங்கள். ஒட்டாத டிஎன்ஏ எந்த அளவில் மறைகிறதோ அதுவே சமன். 100-இல் மறைந்தால் புரதம் முழுவதும் உயிரோடு இருக்கிறது. 200-இல் மறைந்தால் பாதி செத்தது. இனி எல்லாக் கணக்கிலும் செறிவைப் பாதியாக எழுதுங்கள்.

இருப்பை 50 சதவீத கிளிசரால், 500 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடோடு மைனஸ் 20-இல் வைக்கலாம். நீர்க்கச் செய்யும்போது மட்டும் கவனம்: நானோமோலார் அளவில் இந்தப் புரதம் பிளாஸ்டிக் டியூப்பின் சுவரில் ஒட்டிக் காணாமல் போகும். நீர்க்கும் பஃபரில் மில்லிலிட்டருக்கு 0.5 மில்லிகிராம் பிஎஸ்ஏ (மாட்டு ஆல்புமின்) கட்டாயம். நீர்த்ததை அன்றே பயன்படுத்துங்கள், மறுநாளுக்கு வைக்காதீர்கள்.

பிணைப்புக் கலவை

20 மைக்ரோலிட்டர் கலவையில் இறுதி அளவுகள்: டிரிஸ் 20 மில்லிமோலார், பிஎச் 7.5, பொட்டாசியம் குளோரைடு 70 மில்லிமோலார், இடிடிஏ 1 மில்லிமோலார், டிடிடி 1 மில்லிமோலார், பிஎஸ்ஏ மில்லிலிட்டருக்கு 0.1 மில்லிகிராம், கிளிசரால் 10 சதவீதம், டிஎன்ஏ 1 நானோமோலார். சைபர் கோல்டு போடுவதாக இருந்தால் டிஎன்ஏ 5 நானோமோலார்.

முதல் நாள் மூன்றாவது துண்டை மட்டும் எடுத்து, புரதத்தை 0, 0.5, 1, 2, 5, 10, 20, 50, 100 நானோமோலார் என்று ஏற்றிப் பாருங்கள். பாதிக்கு மேல் ஒட்டியும், ஒட்டாத பேண்ட் இன்னும் கண்ணுக்குத் தெரிந்தும் இருக்கும் ஒரு செறிவைத் தேர்ந்துகொள்ளுங்கள். மறுநாள் ஐந்து துண்டுகளையும் அந்த ஒரே செறிவில் ஓட்டுங்கள். முழுவதும் ஒட்டவைப்பதே நல்லது என்று தோன்றும். அப்படிச் செய்யக் கூடாது. ஒரே லேனில் ஒட்டியதும் ஒட்டாததும் பக்கத்திலேயே இருந்தால்தான் அந்த லேனுக்குள்ளேயே விகிதம் எடுக்க முடியும். லேனுக்கு லேன் உள்ள ஓட்ட வேறுபாடு கணக்கிலிருந்து கழிந்துவிடும்.

உப்பு ஒளிந்து வரும் வழி ஒன்று உண்டு. இருப்புப் புரதத்தில் 500 மில்லிமோலார் உப்பு இருக்கிறது. அதில் 1 மைக்ரோலிட்டரை 20-இல் சேர்த்தால் கலவையின் உப்பு 25 கூடும். 2 சேர்த்தால் 50. ஆகவே ஏற்றுவரிசையில் புரதத்தின் கன அளவை மாற்றாதீர்கள். ஒவ்வொரு செறிவுக்கும் தனியாக நீர்த்து, எல்லா டியூப்பிலும் ஒரே 2 மைக்ரோலிட்டர் போடுங்கள். புரதமில்லாத லேனிலும் வெறும் நீர்க்கும் பஃபர் 2 மைக்ரோலிட்டர் போக வேண்டும்.

பாலி-டிஐ-டிசி என்ற போட்டி டிஎன்ஏவைப் பழக்க தோஷத்தில் சேர்க்காதீர்கள். பெரும்பள்ளத்தில் பிடிக்கும் புரதங்களுக்கு அது நல்லது. ஐஎச்எஃப் பிடிப்பது சிறு பள்ளத்தில். இனோசின்–சைட்டோசின் இணையின் சிறு பள்ளம் ஏ–டி இணையின் சிறு பள்ளத்தைப் போலவே இருக்கும்; புரதம் அங்கே போய் உட்கார்ந்துவிடும். போட்டி வேண்டுமென்றால் உடைத்த சால்மன் விந்து டிஎன்ஏ 20 நானோகிராம் போதும். சுத்தமான புரதத்துக்கு அதுவும் தேவையில்லை.

அறை வெப்பத்தில் 20 நிமிடம் வையுங்கள். லோடிங் சாயம் சேர்க்க வேண்டாம்; கிளிசராலே மாதிரியை வெல்லில் இறக்கும். சாயத்தை ஓரத்தில் ஒரு காலி லேனில் மட்டும் ஊற்றுங்கள்.

ஜெல்

8 சதவீத ஜெல், 40 மில்லிலிட்டருக்கு: 30 சதவீத அக்ரிலமைடு இருப்பு (29-க்கு 1 விகிதம்) 10.7 மில்லிலிட்டர், 5 மடங்கு டிபிஇ 4 மில்லிலிட்டர், தண்ணீர் 25 மில்லிலிட்டர், 10 சதவீத ஏபிஎஸ் 300 மைக்ரோலிட்டர், டெமெட் 30 மைக்ரோலிட்டர். ஓட்டும் பஃபரும் அரை மடங்கு டிபிஇதான். உறையாத அக்ரிலமைடு நரம்பு நஞ்சு. கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

குறைந்தது 16 சென்டிமீட்டர் நீளத் தட்டு வேண்டும். புரத ஜெல்லுக்கான குட்டித் தட்டில் பேண்ட் நகர்வது தெரியும். கோணம் கணக்கிட முடியாது, அளவுப் பிழை அதிகம். 4 டிகிரி அறையில் ஒரு மணி நேரம் மாதிரி இல்லாமல் ஓட்டி, மிச்சமிருக்கும் ஏபிஎஸ்ஸை வெளியேற்றுங்கள். அது உள்ளே இருந்தால் புரதத்தை ஆக்சிஜனேற்றும். பிறகு மின்சாரம் குறைவாக ஓடிக்கொண்டிருக்கும்போதே மாதிரிகளை ஏற்றுங்கள். மாதிரி வெல்லில் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அதன் உப்பு மாறுகிறது, பிணைப்பும் மாறுகிறது. அந்த நேரத்தில் பைப்பெட் முனை மின்முனையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மின்னழுத்தம் 50 வோல்ட்டைத் தாண்ட வேண்டாம்.

ஏற்றியபின் சென்டிமீட்டருக்கு 10 வோல்ட். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், சாயத்தைப் பாருங்கள். 8 சதவீத ஜெல்லில் சைலீன் சயனால் சுமார் 160 இணைத் துண்டின் வேகத்தில் ஓடும். உங்கள் 200 இணைத் துண்டு அதற்குச் சற்று மேலே இருக்கும். சைலீன் சயனால் 9 சென்டிமீட்டர் தாண்டியதும் நிறுத்தலாம்.

கணக்கு

படத்தில் ஒட்டாத பேண்டுகள் ஒரே கோட்டில். ஒட்டியவை ஒரு வில் வளைவுபோல, நடுத்துண்டு மிக மேலே, முனைத் துண்டுகள் கீழே. இந்த வளைகோடு தெரிந்தாலே வளைவு இருக்கிறது என்று உறுதி.

ஒவ்வொரு லேனிலும் வெல்லின் அடியிலிருந்து ஒட்டிய பேண்ட் ஓடிய தூரத்தை, ஒட்டாத பேண்ட் ஓடிய தூரத்தால் வகுங்கள். ஐந்து புள்ளிகளையும் தளத்தின் இடத்துக்கு எதிராக வரைந்து ஒரு பரவளையம் பொருத்துங்கள்; அதன் அடிப்புள்ளி 100-இலிருந்து எவ்வளவு விலகுகிறதோ, வளைவின் உண்மையான மையம் நீங்கள் 175 என்று குறித்த எழுத்திலிருந்து அவ்வளவு விலகியிருக்கிறது. அந்த விலகல் 5 இணைக்குள் இருக்க வேண்டும்.

கோணத்துக்கு தாம்ப்சனும் லேண்டியும் 1988-இல் தந்த எளிய சூத்திரம்: நடுத்துண்டின் விகிதத்தை முனைத்துண்டின் விகிதத்தால் வகுத்தால் வருவது, வளைவுக் கோணத்தின் பாதிக்கு உரிய கொசைன். எடுத்துக்காட்டாக, நடுத்துண்டில் ஒட்டியது 2.6 சென்டிமீட்டர், ஒட்டாதது 7.8, விகிதம் 0.333. முனைத்துண்டில் 6.2-க்கு 7.8, விகிதம் 0.795. வகுத்தால் 0.419. அந்தக் கொசைனுக்குரிய கோணம் 65.2 பாகை, இரட்டித்தால் 130. நடுத்துண்டை அளப்பதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் விடை 128 ஆகும். ஆகவே ஜெல் கோணத்தைப் பாகையின் தசமத்தில் எழுதுவதில் அர்த்தமில்லை. மூன்று ஜெல்லின் சராசரியை, 5 பாகைக்கு முழுதாக்கி எழுதுங்கள்.

130 வந்தால் சோதனை தோற்றுவிட்டது என்று பதற வேண்டாம். தாம்ப்சனும் லேண்டியும் ஐஎச்எஃப்புக்கு ஜெல்லில் பெற்றதே சுமார் 140 பாகைதான். படிகத்தில் 160-க்கும் மேல். ஜெல் தருவது தோற்றக் கோணம். அந்தச் சூத்திரம் வளைவை ஒற்றை மூலையாக எண்ணுகிறது; ஐஎச்எஃப்பிலோ இரண்டு ஒடிவும் அவற்றைச் சுற்றி மென்மையான வளைவும் இருக்கின்றன. அதோடு, ஒரு புரதம் டிஎன்ஏவை வளைக்காமல் அந்த இடத்தை வெறுமே தளர்த்திவிட்டாலும் நடுத்துண்டு மெதுவாகவே ஓடும். இந்தச் சோதனையால் இரண்டையும் பிரிக்க முடியாது. பெயர் தெரியாத புதுப் புரதத்தில் இந்த முறையை மட்டும் நம்பி, ‘வளைக்கிறது’ என்று எழுதுவது அவசரம்.

கோளாறுகள்

ஒட்டிய பேண்டுக்கும் ஒட்டாததற்கும் நடுவே புகைபோல இழுப்பு இருந்தால், ஓடும்போதே புரதம் கழன்றுகொண்டிருக்கிறது. ஜெல் சூடாகியிருக்கிறதா பாருங்கள்; மின்னழுத்தத்தைக் குறைப்பதைவிடக் குளிர்விப்பது நல்லது, ஏனெனில் நேரம் கூடினால் கழல்வதும் கூடும். டிபிஇயைக் கால் மடங்காக்கினாலும் பிடிப்பு வலுக்கும்.

வெல்லிலேயே பேண்ட் சிக்கி நின்றால் புரதம் அளவுக்கு மீறிப் போயிருக்கிறது, அல்லது திரண்டிருக்கிறது. இருப்பை 15 நிமிடம் மைய விலக்கியில் சுழற்றி மேலே உள்ளதை எடுத்து, செறிவை மறுபடி அளங்கள். ஏணிபோலப் பல பேண்ட் வந்தால், தளம் நிரம்பியபின் மற்ற புரதங்கள் கண்ட இடத்தில் ஒட்டுகின்றன. கட்டுப்பாட்டுத் துண்டிலும் அதே ஏணி தெரியும். செறிவைக் குறையுங்கள். கட்டுப்பாட்டில் ஏணி இல்லாமல் உண்மைத் துண்டில் மட்டும் இரண்டாவது பேண்ட் வந்தால், இரண்டாம் தளம் ஒன்று ஒளிந்திருக்கிறது.

ஐந்து துண்டும் ஒரே உயரத்தில் நின்றால் இரண்டே காரணம். நீங்கள் பார்ப்பது தளத்தில் ஒட்டிய ஐஎச்எஃப் அல்ல, செல்லிலிருந்து வந்த வேறு புரதம். அல்லது ஐந்து டியூப்பிலும் ஒரே துண்டு. பிரைமர் ஜோடிகளைக் கலக்கும்போது இது நடப்பது சகஜம். தளத்துக்கு அருகே வெட்டும் ஒரு நொதியால் ஐந்தையும் வெட்டிப் பார்த்தால் உடனே தெரியும்.

நகர்வே இல்லை என்றால் உப்பை முதலில் சந்தேகியுங்கள், புரதத்தை அடுத்து.

மற்ற புரதங்களுக்கு மாறும்போது

ஃபிஸ்ஸுக்கு இந்த முறை அப்படியே செல்லும். அது பெரும்பள்ளத்தில் பிடிக்கிறது, வளைவு சுமார் 50 முதல் 90 பாகை, தளத்தைப் பொறுத்து மாறும். வில் வளைவின் உயரம் குறைவாகவே இருக்கும். ஆகவே 8-க்குப் பதில் 10 சதவீத ஜெல். செல்லிலிருந்தே ஃபிஸ் எடுப்பதானால் புதிய ஊடகத்தில் வளர்ச்சி வேகமெடுக்கும் நேரத்தில் எடுக்க வேண்டும். தேக்க நிலையில் ஃபிஸ் கிட்டத்தட்ட மறைந்துவிடும். அப்போது டிபிஎஸ் மேலெழுகிறது: 1999-இல் வெளியான அளவீட்டில் தேக்கநிலை செல் ஒன்றுக்குச் சுமார் 1,80,000 மூலக்கூறு. ஐஎச்எஃப்பும் தேக்க நிலையில் கூடும்.

இந்த எண்ணிக்கைகளை உங்கள் டியூப்பின் நானோமோலாரோடு நேரே ஒப்பிடாதீர்கள். ஒரு ஃபெம்டோலிட்டர் செல்லில் ஒரு மூலக்கூறு என்பது 1.7 நானோமோலார், 10,000 இருந்தால் 17 மைக்ரோமோலார். ஆனால் அதில் பெரும்பங்கு குரோமோசோமின் மற்ற இடங்களில் தொற்றிக்கொண்டிருக்கிறது. சும்மா மிதப்பது கொஞ்சமே.

எச்யூவை அளக்க நேரான துண்டை விட்டுவிடுங்கள். ஓரிழை அறுந்த துண்டு, இடைவெளி விட்ட துண்டு, நான்கு கை சந்தி ஆகியவற்றில்தான் அது இறுக்கமாகப் பிடிக்கும். இன்னும் எளிய வழி வளையமாக்கல். 100 முதல் 130 இணைத் துண்டு தானாக வளைந்து முனையோடு முனை சேராது. டி4 லைகேஸ் போட்டால் துண்டோடு துண்டு ஒட்டிய நீள வரிசைகள்தான் வரும். எச்யூ சேர்த்தால் சிறு வளையங்கள் தோன்றும். நேரிழைகளை மட்டும் தின்னும் எக்ஸோநியூக்ளியேஸ் 3-ஐப் பிறகு சேர்த்து, மிஞ்சி நிற்பது வளையம்தான் என்று உறுதி செய்யுங்கள். நீளத்தைத் தேர்வதில் ஒரு நிபந்தனை: 10.5-இன் முழு மடங்குக்கு அருகே, உதாரணமாக 105 அல்லது 126. அரைச் சுற்று மிஞ்சும் நீளமாக இருந்தால் முனைகள் நெருங்கினாலும் இழைகள் எதிரெதிரே பொருந்தாது, லைகேஸால் ஒட்ட முடியாது.

எச்-என்எஸ்ஸுக்கு ஜெல் ஷிஃப்டை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அது ஏ–டி செறிந்த பகுதிகளில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி இழையாகிறது. ஜெல்லில் புகை மட்டுமே தெரியும். மக்னீசியம் அளவை ஒவ்வொரு முறையும் எழுதி வையுங்கள். மக்னீசியம் இல்லாத பஃபரில் எச்-என்எஸ் டிஎன்ஏவை விறைக்கவைக்கிறது. 10 மில்லிமோலார் அருகே இரண்டு டிஎன்ஏவைச் சேர்த்துப் பாலம் போடுகிறது. ஒரு டிஎன்ஏவை பயோட்டின் மூலம் காந்த மணியில் கட்டி, நிறமி போட்ட இன்னொரு டிஎன்ஏவைச் சேர்த்து, மணியோடு எவ்வளவு நிறமி வருகிறது என்று 0, 2, 4, 6, 8, 10 மில்லிமோலார் மக்னீசியத்தில் பார்த்தால் பாலம் எந்த அளவில் தொடங்குகிறது என்று ஒரே நாளில் தெரிந்துவிடும். இந்தச் சோதனைக்கான பஃபரில் இடிடிஏ இருக்கக் கூடாது. மேலே சொன்ன கலவையை அப்படியே எடுத்துவந்தால் முதல் 1 மில்லிமோலார் மக்னீசியத்தை அது விழுங்கிவிடும்.